நான் எழுதாமல் விட்ட உருண்டைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனை நடையில், குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆறாவது மாதம். தாகமில்லை, மயக்கமில்லை, ஒரு தொந்தரவும் இல்லை. நர்ஸ் கொடுத்த சீட்டில் நூற்று எழுபத்தெட்டு என்றிருந்தது. நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.

டாக்டரம்மா அதைக் கர்ப்பகால நீரிழிவு (கர்ப்பத்தின்போது ரத்தத்தில் சர்க்கரை கூடுவது) என்றார். குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடலாம். பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். "ரெண்டு வாரம் சாப்பாட்டை அளந்து பார்ப்போம். இறங்கலேன்னா இன்சுலின் ஊசி."

எனக்கு வயது இருபத்தாறு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்று கணக்கு டீச்சர். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் வரும். அன்று என் சீட்டை நானே நான்கு முறை படித்தேன்.

அளப்பதுதானே, அது எனக்கு வரும் என்று நினைத்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். நோட்டில் கோடு போட்டேன். மதியம் ஒரு கப் சோறு, இரண்டு கப் காய், ஒரு முட்டை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் நூற்று இருபதுக்குள் வர வேண்டும். முதல் நாள் நூற்று நாற்பத்தொன்பது. சோற்றை முக்கால் கப் ஆக்கினேன். நூற்று ஐம்பத்தாறு.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இதுல இருக்கறது மட்டும்தான் சாப்பிடுறீங்களா?"

"நான் பொய் எழுத மாட்டேன் டாக்டர்."

"பொய்னு சொல்லலம்மா. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். அப்புறம் ஊசிதான்."

திரும்பும் பேருந்தில், கூட வந்த என் கணவர் கேட்டும் நோட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அவ்வளவு அவமானமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிய பிறகு, அம்மா மீதிச் சோற்றைக் குழம்புச் சட்டியில் போட்டு, வழித்துப் பிசைந்து, சுற்றி நிற்பவர்களின் உள்ளங்கையில் உருண்டை உருண்டையாக வைப்பார். குழம்பு வைக்கிற நாளெல்லாம் இது உண்டு. நின்றுகொண்டே தின்பதை யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை.

"எனக்கும் ரெண்டு உருண்டை தாங்க அத்தை" என்றார் கணவர். "உங்க மக நோட்டுல ஏறாத சோறு இது ஒண்ணுதான்."

அப்பா சிரித்தார். என் கையில் மூன்றாவது உருண்டை இருந்தது. அளவுக் கப்பை எடுத்து வந்து, வழக்கமாக எனக்குக் கொடுக்கிற ஐந்து உருண்டைகளையும் அதில் போடச் சொன்னேன். நான்கிலேயே கப் நிறைந்துவிட்டது. தட்டில் நான் சாப்பிட்டதே முக்கால் கப்தான்.

"ஏட்டி, சட்டி வழிக்கிறதையுமா எழுதுவாக?" என்றார் அம்மா. "மாசமா இருக்கவளுக்குக் குடுக்காம நான் எப்படித் திங்க?"

"நீ குடுத்தது தப்பில்லம்மா. நாந்தான் எழுதல."

"அப்ப புள்ளைக்கு நாந்தான் கெடுதல் பண்ணிட்டேனா?"

அம்மா சட்டியைக் கழுவப் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவரே கப்பைக் கேட்டு வாங்கினார். "மொதல்ல ஒனக்கு அளந்து சட்டியில பிசைஞ்சு தாரேன். அம்புட்டுதான். பொறவு கை நீட்டாத."

நான்காம் நாள் நூற்றுப் பதினெட்டு. அந்த வாரமும் அதற்குப் பிறகும் ஊசி தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறது. என்னோடு பரிசோதனைக்கு வந்த ஒரு பெண் கடைசிவரை இன்சுலின் போட்டுக்கொண்டார். அவர் பிள்ளையும் நன்றாக இருக்கிறது. உங்கள் சீட்டிலும் இப்படி ஓர் எண் வந்தால், தட்டை மட்டும் அளக்காதீர்கள். உப்புப் பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்தது, நின்றுகொண்டு தின்றது எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். பால் கொடுத்த கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து அவள் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அவள் வீறிட்டு அழுதாள். "ஐம்பத்தெட்டு. நல்லாருக்கு" என்றார் நர்ஸ். அம்மா கும்பிட்டார். நான் அந்தச் சிவந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தின்றதற்கு அவளைச் சோதிக்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்து எனக்குச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. ஆனால் இது ஒருமுறை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வர வாய்ப்பு உண்டு, வருடம் தவறாமல் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மறக்காமலிருக்க அவள் பிறந்த வாரத்தையே அதற்கு வைத்துக்கொண்டேன். போன மாதம் அவளுக்கு ஒரு வயது முடிந்தது. கேக் வெட்டுவதற்கு முன் அன்று காலை, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தேன். மடியில் அவள். இனி அவளுக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம், முதலில் என் முறை.