இட்டேரியில் நின்ற குழாய்

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். "கொர்ர்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு செருமல், பிறகு துரு வாசனையோடு நாலு சொட்டு. அதற்குள் எங்கள் வீதியின் கதவுகள் எல்லாம் திறந்து குடங்கள் வெளியே வந்துவிடும். இன்றைக்கும் எங்காவது ஒரு குழாய் செருமினால் என் கை தானாக இடுப்புக்குப் போகிறது. அந்தச் சத்தத்தை எங்கள் வீதிக்குக் கொண்டுவர என் அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை.

எங்கள் ஊர் அவிநாசிக்கும் அன்னூருக்கும் இடைப்பட்ட மேட்டுக்காட்டில் இருந்தது. வடமேற்கே நீலகிரி தெரியும். மழை அங்கேயே தங்கிவிடும், எங்களுக்கு அதன் காற்று மட்டும் வரும். செம்மண், சோளம், பருத்தி, எட்டிப்பார்த்தால் தலை சுற்றுகிற கிணறுகள். பஞ்சாயத்து என்றால் ஒரே ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்த சின்னச் சின்ன ஊர்களையெல்லாம் சேர்த்துக் கட்டி அதற்குப் பஞ்சாயத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் எங்களுடையது கடைக்கோடி. வீதி முடிகிற இடத்தில் ஓர் "இட்டேரி" குறுக்கே ஓடும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு வழி. வழியைத் தாண்டி அந்தப்பக்கம் கால் வைத்தால் அது வேறு பஞ்சாயத்து.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதற்குள் அப்பா தேர்தலுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். "நீங்க நில்லுங்க்கா", "ஐயோ, எனக்கு என்னங்க தெரியும், நீங்க நில்லுங்க" என்று வீதிப் பெண்கள் ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டே போக, அந்த நேரத்தில் மாட்டுக்குத் தீனி போடப் போயிருந்த அம்மா, மறுத்துச் சொல்ல ஆளில்லாத காரணத்தால், போட்டியின்றி "மெம்பர்" ஆகிவிட்டாள். கையெழுத்து அம்மா போட்டாள்; வெள்ளைச் சட்டை அப்பாவோடு கூட்டத்துக்குப் போய் வந்தது.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி வேண்டுமா என்பார்கள். "வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தனுங்க" என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி கேட்பார்கள். மறுபடியும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் "செரி, அரை டம்ளர் குடுங்க" என்று வாங்கி, முழு டம்ளரையும் குடிப்போம். முதல் தடவையே வாங்கிக் குடித்தால் அவன் எந்த ஊர்க்காரன் என்று விசாரிப்பார்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் வீதிக்கு ஆற்றுத் தண்ணீர் குழாய் ஒன்று அனுமதியாகி, ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் கடப்பாரை ஆட்களோடு வந்து இறங்கினார். அவர் திருநெல்வேலிப் பக்கம். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. நல்ல மனிதர், ஒரே தடவை கேட்பார், கேட்டதை நம்புவார்.

முதல் வீட்டுப் பழனியக்காவிடம், "இங்க வச்சுரலாமாம்மா?" என்று கேட்டார்.

"எங்கூட்டு முன்னால எதுக்குங்க? அடுத்த ஊட்ல வயசானவங்க இருக்காங்க, அங்க வெச்சுக் குடுங்க."

அடுத்த வீட்டில், "எங்களுக்கு என்னுங்க, ரெண்டு கொடம் போதும். அங்க தள்ளி பிள்ளை குட்டிக்காரங்க இருக்காங்க பாருங்க." இப்படியே ஒவ்வொரு வீடாகத் தள்ளிவிட, எங்கள் வீட்டு வாசலில் அம்மா, "மெம்பரு ஊட்டு முன்னால வெச்சா ஊரு என்ன பேசுமுங்க? இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றாள். கடைசி வீட்டு ஆறுமுக மாமாவும் அதையே சொன்னார். ஓவர்சியர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். மாலையில் காட்டு வேலையிலிருந்து திரும்பியவர்கள் பார்த்தபோது, இட்டேரியின் அந்தப்பக்க வேலியோரம், சிமெண்ட் மேடையும் காயாமல் குழாய் நின்றுகொண்டிருந்தது.

அங்கே தொடங்கியது வினை. குழாய் நிற்பது எங்கள் எல்லையில் இல்லை, அதற்கு நான் எப்படித் தண்ணீர் விடுவது என்றார் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர். பைப் வந்தது உங்கள் தொட்டியிலிருந்துதானே, நாங்கள் எப்படி விடுவது என்றார் அந்தப் பஞ்சாயத்துத் தலைவர். இருவருமே மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார்கள். குழாயில் யாரோ கன்றுக்குட்டியைக் கட்டினார்கள்.

கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தண்ணீர் எடுத்த தோட்டத்துக் கிணற்றில் வாளி தரை தட்டியது. பள்ளிக்கூடம் போகுமுன் குடத்தோடு அலைந்து என் இடுப்பு காய்ப்பேறிவிட்டது. வீதியில் யாரும் அம்மாவைத் திட்டவில்லை. "மெம்பரம்மா என்ன பண்ணுவாங்க, பாவம்" என்று காதில் விழுகிற மாதிரி பரிதாபப்பட்டார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை, இது அம்மாவைச் சோறு தின்னவிடாமல் செய்தது.

அடுத்த கூட்டத்தன்று அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்தபோது, "நீங்க இருங்க, நான் போய்ட்டு வாரேன்" என்று அம்மா சொல்லிவிட்டு, தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஞ்சாயத்து ஆபீஸில் தலைவர் நாற்காலி காட்டினார். "ஏனுங் அம்மிணி, உங்க வீதியில கொழாயே வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களாமா? ஓவர்சியர் சொல்றாரு."

"அது மருவாதிக்குச் சொன்னதுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓவர்சியர் நிஜமாகவே திகைத்தார். "வேண்டாம்னா வேண்டாம்னுதானம்மா அர்த்தம்?"

அங்கிருந்த ஒவ்வொருவரும் அந்த நிலையில் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணுமுங்க. எங்க வீதிக்குத் தண்ணி வேணுமுங்க. எங்கூட்டு முன்னாலயே வெச்சுக் குடுங்க. ஊரு பேசுனா பேசிட்டுப் போகட்டும்."

அம்மா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் அதுவரை கண்டதில்லை. தலைவர் சிரித்துவிட்டு, "செரிங்க, மாத்திப்போடலாம். மொதல்ல காப்பி குடிங்க" என்றார். "குடுங்க" என்றாள் அம்மா, முதல் தடவையிலேயே.

ஓவர்சியர் மறுபடி வந்து எங்கள் வாசலில் நின்று, "இங்கதானே?" என்றார். பழக்க தோஷத்தில் அம்மா "இல்லீங்க..." என்று ஆரம்பிக்க, வீதியே திரண்டு "இங்கதானுங்க!" என்று கத்தியது. தண்ணீர் வந்த அன்று எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். குழாய் செருமியது. "நீங்க புடிங்க்கா", "நீங்க மொதல்ல புடிங்க" என்று உபசாரம் தொடங்கியது. நல்ல தண்ணீர் வீணாக மண்ணில் ஓட, அம்மா என் குடத்தைப் பிடுங்கிக் குழாயின் கீழே வைத்தாள்.

இப்போது அந்தக் குழாய் இல்லை. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது. இட்டேரி தார் ரோடாகிவிட்டது, வேலியும் போய்விட்டது. யாராவது வேண்டாம் என்றால் நாங்களும் அதோடு விட்டுவிடுகிறோம். மறுபடி கேட்க நேரமில்லை. சென்ற கோடையில் புது இணைப்புக்குப் பள்ளம் தோண்ட ஒரு வடநாட்டுப் பையன் வந்திருந்தான். எங்கே என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் அம்மா இடத்தைக் காட்டிவிட்டாள். உச்சி வெயிலில் அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோய் நீட்டினாள். அவன் கூச்சத்தோடு, "வேணாம் அம்மா" என்றான். தமிழில் அவனுக்குத் தெரிந்த இரண்டு சொற்கள். வேண்டாம் என்கிறானே, விடேன் என்றேன் நான். அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"குடி, கண்ணு."

"வேணாம் அம்மா."

"குடி, கண்ணு" என்று மறுபடியும் சொன்னாள். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.