பேனா நின்ற இடம்

அந்த ஆற்றங்கரைப் பள்ளிக்கு நான் எதற்காக வருகிறேன் என்பது தலைமையாசிரியருக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், வாரம் மூன்று நாள், பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்குவேன்.

"நாலாங்கிளாஸ் சாரு லீவு. அங்கன போய் இருந்துக்கிடுங்க டீச்சர். கண்ணு தெரியாத ஒத்தப் பிள்ளைக்கு என்ன பெரிய பாடம்?" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவென்றே ஒரு வருஷம் பயிற்சி எடுத்தவள் நான். பிரெயில், மணிச்சட்டத்தில் கணக்கு, கோல் பிடித்து நடப்பது எல்லாம் கற்றுவிட்டு, நாலாம் வகுப்பில் கூச்சலை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒற்றைப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் படித்தாள். அவளுக்கென்று ஓர் உதவியாளரும் உண்டு. உள்ளூர்ப் பெண், எட்டாவது வரை படித்தவள், பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தாள். அவளுக்குக் கிடைத்த பயிற்சி மூன்றே நாள்; அதிலும் ஒரு நாள் முழுக்கப் பொன்னாடை, மாலை மரியாதை என்று போய்விட்டது. பரீட்சையில் பிள்ளை சொல்ல அவள்தான் எழுத வேண்டும். "நீ வெறும் கைதாம்மா. அவ தப்பாச் சொன்னா தப்பாவே எழுது" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்குக்குப் பிள்ளைக்குத் தொண்ணூறுக்கு மேல். என்னிடம் உட்கார்ந்தாலோ சின்னக் கூட்டலே தடுமாறும். "விடையச் சொல்லிக் குடுத்தியா?" என்று உதவியாளரிடம் கத்தினேன்.

"திருச்செந்தூர் முருகன் சத்தியமா ஒரு வார்த்த சொல்லல டீச்சர்" என்று அழுதாள். நடிக்காதே என்றேன்.

என் கவலை எனக்கு. பாளையங்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையிடம் கெஞ்சிக் கூத்தாடியிருந்தேன். "முழுப்பரீட்சைக் கணக்குப் பேப்பரக் கொண்டாங்க. பாத்துட்டு ஆறாவதுல சேக்கலாமான்னு சொல்லுதேன்" என்றிருந்தார். அவர் மறுத்தால் படிப்பு ஐந்தோடு சரி. பிள்ளை அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான்.

அதனால் முழுப்பரீட்சை அன்று உதவியாளரை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு நானே எழுதினேன். மூன்றாவது கணக்கை வாசித்தேன். பிள்ளை மணிச்சட்டத்தைத் தடவிவிட்டு, "மொத்தம் நூத்தி நாப்பத்தி ரெண்டு தேங்காய்" என்றாள். நூற்று ஐம்பத்திரண்டு வர வேண்டும். ஐயோ, ஒரே ஒரு பத்தை விட்டுவிட்டாளே! நான் வாய் திறக்கவில்லை. 'மொத்தம்' என்று எழுதிய பேனா மட்டும் அப்படியே நின்றது.

"இல்ல டீச்சர், நூத்தி அம்பத்தி ரெண்டு" என்றாள் உடனே, மணிகளை மறுபடி தடவிவிட்டு.

"எப்படிட்டி மாத்துன?"

"பேனா சத்தம் நின்னுட்டுல்லா. தப்புன்னா அக்காவும் இப்படித்தான் நிப்பாட்டுவாவ."

உதவியாளர் பொய் சொல்லியிருக்கவில்லை. தன் கை காட்டிக்கொடுக்கிறது என்று பாவம் அவளுக்கே தெரிந்திருக்காது. ஒரு வருஷப் பயிற்சி எடுத்த என் கையும் அதையேதான் செய்தது. எங்கள் இருவருக்கும் பயிற்சி கொடுத்தவர்கள்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக என்மேல் வந்தது. நூற்று ஐம்பத்திரண்டு என்றே எழுதினேன்.

அடுத்த கணக்குக்கும் அவள் சொன்ன விடை தப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கும் நிறுத்தாமல், அவள் சொன்னதைக் கடகடவென்று எழுதி முடித்தேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது சரியா வந்துட்டு" என்று சிரித்தபடி, மணிகளைத் தள்ளிவிட்டு அடுத்த கணக்குக்குக் காத்திருந்தாள்.