அடி வாங்கிய சமாதி

இந்தச் சைகோனில் இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பவில்லையென்றால் போலீசுக்குப் போகமாட்டார்கள். ஊதுபத்தி வாங்கிக்கொண்டு, பா சியூ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய தளபதியின் சமாதிக்குப் போவார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் வருஷம் தாண்டமாட்டானாம். ஞாயிறு தவறாமல் செங்கல் மாதா கோயிலுக்குப் போகிற நம் காரைக்கால் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நானும்தான், என் தம்பியைக் குடியேற்ற ஆபீஸ்காரர்கள் பிடித்து ஊருக்கே கப்பலேற்றி அனுப்பும் வரை.

தம்பி வேறொருவன் பேரிலிருந்த பேப்பரில் வந்தவன். அது எனக்கும் என் ஊர்க்காரன் சவரிராசுக்கும் மட்டும்தான் தெரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் விண்ணப்பத் தாள்களையெல்லாம் பிரெஞ்சில் எழுதித் தந்தது அவன்தான். தம்பியைக் காட்டிக்கொடுத்து அந்த ஆபீசுக்குப் போன மொட்டைக் கடுதாசியும் பிரெஞ்சில்தான் இருந்தது.

வீட்டுக்கார அம்மாள் பா ஹாய்தான் சமாதியின் கதையைச் சொன்னாள். செத்துப்போன தளபதிமேல் ராஜாவுக்குக் கோபம் வந்து, சமாதியைத் தரைமட்டமாக்கி, சங்கிலி போட்டு, சவுக்கால் அடிக்கச் சொன்னாராம். பின்னால் வந்த ராஜா மனமிரங்கித் திரும்பக் கட்டினாராம். பின்னவரை விடுங்கள்; செத்தவனையும் விடாத அந்த முதல் ராஜாவை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போதே சவரிராசைச் சத்தியத்துக்குக் கூப்பிட்டேன். அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் என்னோடும் பா ஹாயோடும் சீக்ளோ ரிக்ஷாவில் ஏறினான்.

"வேதக்காரன் பேய்க்கோயில்ல சத்தியம் பண்ணலாமாடா?"

"அந்தப் பாவத்த அப்புறம் சாமியார்ட்ட சொல்லிக்கலாம், வா மச்சான்."

சமாதி முன்னால் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கடுதாசிய நான் எழுதலை" என்று கணீரென்று தமிழில் சொன்னான். பா ஹாய் அவன் கையைப் பிடித்தாள். "தளபதிக்கு உங்க பாஷை தெரியாது. எங்க பாஷையில சொல்லு." இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, இந்த ஊர்ப் பாஷையிலேயே இருபது வருஷம் குடும்பம் நடத்துகிறவன்! புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று இருமினான். பத்தியை என் கையில் திணித்துவிட்டு நடந்தான். ஓடிப்போய் அறையத்தான் கை பரபரத்தது. என்னைப் பற்றியும் இன்னொரு கடுதாசி எழுதிவிட்டால்? சட்டைப்பையில் இங்கே தங்குவதற்கான என் பெர்மிட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கடைசிக் காலத்தில் காரைக்கால் போய்க் கண்ணை மூட வேண்டுமென்று சவரிராசுக்கு ஆசை. அது நடக்கக்கூடாதென்று வாராவாரம் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். என் தம்பி நடமாடும் மண்ணில் அவனுக்கு ஆறடி கிடைக்கக்கூடாது, இங்கேயே போகட்டும். திரி பாதி எரியும்போதுதான் எனக்கு என் கதை ஞாபகம் வரும். காட்டிக்கொடுத்தவனைச் சும்மா விட்டுவிட்டு, தம்பி முகத்தில் விழிக்க முடியாமல் நானும் இங்கேயே கிடக்கப்போகிறவன். இந்த ஊர்க் கல்லறையில் நம்மவர்களுக்கு இருப்பதோ ஒரே வரிசை. அவனுக்குப் பக்கத்துக் குழி என்னுடையது.