பௌர்ணமிக்கு விழுந்த வாக்குகள்

லூலியோ நகரத்து மருத்துவச்சி குன்னெல், பதினான்கு வயதிலேயே தேவாலயம் போவதை நிறுத்திவிட்டவள். ஆதாரம் இல்லாத எதையும் நம்ப மாட்டாள். ஊர் நாத்திகர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஆனால் பௌர்ணமியன்று பிரசவம் அதிகம் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

“அதெல்லாம் சும்மாடி. ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க, ஒரு வித்தியாசமும் இல்லையாம்,” என்றாள் உடன் வேலை பார்க்கும் கெர்ட்ரூட். அவள் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள்.

“முப்பது வருஷமா கண்ணால பாக்கறேன். எனக்கெதுக்கு ஆராய்ச்சி?”

“ஜெபத்தப் பத்தி எங்க பாதிரியாரும் இதையேதான் சொல்றாரு.”

குன்னெலுக்குச் சுருக்கென்றது. விடுப்பு எடுத்துக்கொண்டு, பத்து வருடப் பிரசவப் பதிவேடுகளை உட்கார்ந்து எண்ணினாள். பௌர்ணமிக்கென்று எந்த விசேஷமும் இல்லை. முதலில் பதிவேட்டின் மேல்தான் சந்தேகப்பட்டாள். மறுபடி எண்ணினாள். அதே விடைதான் வந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தன் தவறை அவளே எழுந்து வாசித்தாள். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள்.

“என் பசங்க ரெண்டு பேரும் பௌர்ணமியிலதானே பொறந்தாங்க,” என்றார் பொருளாளர்.

“கடலையே இழுக்குதும்மா, குழந்தைய இழுக்காதா?” என்றார் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.

பேச்சு நீண்டதால் ரகசிய வாக்கெடுப்பு வைத்தார்கள். பதினொன்றுக்கு இரண்டு என்று பௌர்ணமி வென்றது. தலைவி என்ற முறையில் குன்னெலே முடிவை அறிவித்தாள். எதிர்த்து விழுந்த இரண்டில் ஒன்று அவளுடையது. இன்னொன்று யாருடையது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.