எரியாத பத்து

சபையாரே, நான் ஏற்கெனவே ஒருமுறை உங்கள் முன்னால் எழுந்து சாட்சி சொன்னேன். அது தப்பான சாட்சி. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். பத்து வருஷமாகச் சர்க்கரை. போன மழைக்காலத்தில் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். சில வாரத்தில் இடது பக்கம் மட்டும் தலைவலி பிடித்தது. துடித்துப் போனார். சளி கோத்திருக்கிறது என்று நினைத்து நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் சுக்குப் பத்துப் போட்டேன். "கர்த்தாவே, இந்த வலியை எடுத்துப்போடும்" என்று அழுதேன்.

ஐந்தாம் நாள் பத்துப் போட்டபோது, "அம்மிணி, வலது கன்னம் எரியுது. எடது பக்கம் வலியுந் தெரியல, எரிச்சலுந் தெரியல" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து, வலி போய்விட்டது என்று கைதட்டிச் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும், நர்ஸாக வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார். "ஏனுங்க, சர்க்கரை இருக்கறவருக்கு மொகம் மரத்துப்போறது சொகமில்லீங்க. கண்ணு வீங்கியிருக்குதா? மூக்குல கருப்பா ஏதாச்சும் வருதுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜெபத்துக்குக் கிடைத்த பதிலையே சந்தேகப்படுகிறாரே! இருந்தாலும் மனசு கேட்காமல், வீட்டுக்கு வந்ததும் அவர் மூக்கைத் துடைத்துப் பார்த்தேன். துணியில் கருப்பாகப் பொருக்கு. இடது இமை தொங்கிக் கிடந்தது. உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

அன்றே சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கருப்புப் பூஞ்சை மூக்கிலிருந்து கண்ணுக்குப் பின்னால் பரவி, மூளையின் ஓரத்தைத் தொட்டிருந்தது. கன்னத்து நரம்பை அது அரித்ததால்தான் வலியும் எரிச்சலும் தெரியாமல் போயிருக்கிறது. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா எங்க கையில இல்லீங்க" என்றார் டாக்டர். ஆபரேஷனில் இடது கண்ணையும் எடுத்தார்கள். வாரக்கணக்கில் மருந்து ஏறியது. வார்டு வாசலில் எனக்கு வேறு ஜெபமே வரவில்லை. "ஆண்டவரே, புத்தியில்லாமல் நன்றி சொன்னேன், மன்னியும். அவர் உயிரை மட்டும் தாரும்."

தந்தார். ஆனால் பதில், அக்கா என் கையைப் பிடித்த அன்றே வந்துவிட்டது. நான்தான் அதன்மேல் கோபப்பட்டேன்.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பக்கம் தலைவலி வந்தால், கன்னம் மரத்துப்போனால், கண் வீங்கினால், மூக்கில் கருப்பாக வந்தால், ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆண்டவரை நம்புங்கள். அவர் அனுப்புகிறவர்களையும் நம்புங்கள்.

இப்போது என் வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணோடு பட்டறைக்குப் போகிறார். மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். நேற்றுச் சவரம் செய்யும்போது இடது கன்னத்தில் பிளேடு கீறிவிட்டது. "ஆ, எரியுது அம்மிணி!" என்று கத்தினார். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அழுதேன்.