மே மாதக் கோவையில் மாப்பிள்ளைக்கு ஒரு கம்பளி

சென்னையில் பன்னிரண்டு வருடங்கள் குடியிருந்தேன். அந்த ஊர்ப் புழுக்கத்தைத் திட்டாமல் நான் கழித்த நாள் ஒன்றுகூட இருக்காது. அலுவலகத்தில் யாராவது முகத்தைத் துடைத்தால் போதும், "எங்க கோயமுத்தூர்ல இதெல்லாம் கிடையாதுங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். என் கணவர் முரளி பிறந்து வளர்ந்தது திருவொற்றியூரில். ஒன்பது வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, வேர்த்து வழிந்தபடி சிரிக்கும் மனிதர்.

சென்ற மே மாதம் என் அலுவலகம் கோவைக் கிளைக்கு மாற்றல் தருவதாகச் சொன்னது. திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். முரளிக்கு வீட்டிலிருந்தே வேலை, எந்த ஊரானாலும் சரிதான். ஆனால் அவருடைய நண்பர்கள், கடல், மீன் கடை எல்லாம் சென்னையில்தான். "மூணு நாள் போய்ப் பார்க்கலாம். எனக்கு ஒத்துவந்தா சரின்னு சொல்லு, இல்லேன்னா மாற்றல் வேண்டாம்னு எழுதிடு" என்றார். எனக்கு ஒரே குஷி. எங்கள் ஊர்க் காற்று ஒரு நாள் பட்டாலே மனிதர் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் கோவைக்குப் போனதெல்லாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவேயில்லை.

வியாழக்கிழமை மதியம் சென்னை சென்ட்ரலில் பகல் ரயில். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர், ஆறு மணி நேரம், இருக்கைக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் சொச்சம். ரயிலில் இருவரும் வழக்கு நடத்திக்கொண்டே போனோம். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகிறது, அப்பளம் பொரித்த பத்தாவது நிமிடம் தொங்கிவிடுகிறது, பீரோவில் வைத்த தோல் செருப்பு பூசணம் பூக்கிறது, வெளியே நிறுத்திய வண்டி துருப்பிடிக்கிறது, ஐப்பசியில் துணி காய நாலு நாள், குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் மறுபடி வேர்வை என்று நான் அடுக்கினேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. சென்னையில் தன் உதடு வெடித்ததே இல்லை, கால் பித்தவெடிப்பு என்றால் என்னவென்று தெரியாது, வெந்நீர் வைக்கிற செலவில்லை, மூன்று மணிக்குக் கடல்காற்று வந்தால் உலகமே வேறாகிவிடும் என்றார். சென்னையில் பணக்காரனும் ஏழையும் பஸ் ஸ்டாப்பில் ஒரே மாதிரி நனைந்து நிற்பார்கள், அது ஒரு சமத்துவம் என்றும் சொன்னார். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

கோவை ஜங்ஷனில் இறங்கியதும் முகத்தில் அறைந்தது, அனல். சற்றுமுன் கோடை மழை ஒரு தூற்றல் போட்டுவிட்டு ஓடிவிட்டதாம், தரையெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. துடியலூருக்குப் பதினோரு கிலோமீட்டர், வாடகைக் காருக்கு முந்நூற்று நாற்பது ரூபாய். "என்னங்க, இவ்வளவு புழுக்கமா இருக்கு?" என்று முரளி ஓட்டுநரிடம் கேட்டார். "இந்த வருசந்தானுங்க இப்படி. போன வருசமெல்லாம் இந்நேரம் சிலுசிலுன்னு இருந்துச்சுங்க" என்றார் அவர். நான் வேகமாகத் தலையாட்டினேன்.

வீட்டில் அப்பா காத்திருந்தார். ஓய்வுபெற்ற மோட்டார் பம்ப் ஃபோர்மேன். "நம்மூட்டுக்கு ஏசி எதுக்குங்க, ஜன்னலத் தொறந்தா போதும்" என்று முப்பது வருடமாகச் சொல்லிவருபவர். எதிர்வீட்டுப் பொன்னுசாமி மாமாவும் அவரும் சாயங்காலம் வாசலில் நின்று, சென்னையில் இன்று எத்தனை டிகிரி என்று செய்தியில் கேட்டதைப் பேசிப் பரிதாபப்படுவது ஒரு தினசரிச் சடங்கு. அம்மா போன பிறகு இந்தப் பேச்சு அவருக்கு இன்னும் பிடித்த பேச்சாகிவிட்டது. மாடி அறையில் மாப்பிள்ளைக்குப் படுக்கை தயாராக இருந்தது. அதன்மேல் ஒரு கனத்த கம்பளி. சென்னைக்காரர்களுக்கு எங்கள் ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பது கொங்கு வீடுகளில் எழுதாத சட்டம். டிசம்பரில் அதில் நியாயம் உண்டு. மே மாதத்திலும் சட்டம் சட்டம்தான்.

முரளி மறுக்கத் தெரியாத மனிதர். அப்பா இரண்டு தடவை மேலே வந்து, மாப்பிள்ளைக்கு வசதியாக இருக்கிறதா என்று பார்த்து, விலகிக் கிடந்த கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு, மின்விசிறியையும் குறைத்துவிட்டுப் போனார். நான் கீழறையில் தூங்கிவிட்டதால் இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும். கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் இறக்கிக்கொண்டிருந்தது என்பதும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சோமனூருக்குக் கிளம்பினோம். இரண்டு நாளைக்கு வாடகைக் கார், ஓட்டுநர் படியும் பெட்ரோலும் சேர்த்து ஆறாயிரத்து இருநூறு ரூபாய். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கே என் பெரியப்பா மகன் துரைசாமி அண்ணன் பன்னிரண்டு விசைத்தறி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து உழைப்பை முரளிக்குக் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் காது அடைத்தது. ஜன்னல்கள் பாதி மூடியிருந்தன, மின்விசிறி கிடையாது, போட்டால் பஞ்சு பறக்கும். தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஏன் இப்படி என்று முரளி கேட்டார். "காத்து காஞ்சு கெடந்தா பாவு நூலு அறுந்து அறுந்து போகுமுங்க மாப்ள. ஈரம் இருந்தாத்தானுங்க தறி நிக்காம ஓடும். இந்தப் பாலக்காட்டுக் காத்து வேகமா அடிக்கறப்பதான் எங்களுக்குத் தலைவலி" என்றார் அண்ணன். நான் பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் புகழ்ந்து தள்ளிய அதே காற்று. முரளி என்னைத் திரும்பிப் பார்த்தார். தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாதது போல நான் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சொல்கிறேன், அந்தத் துணியைத் தொட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. அந்த வெக்கையில் நின்றுகொண்டு அவ்வளவு நேர்த்தியாக நெய்கிறார்கள்.

வெயில் பற்றி அண்ணனும் அதையேதான் சொன்னார், இந்த வருடம்தான் இப்படி என்று. சாப்பிட்டுவிட்டுப் படுத்த அரை மணி நேரத்துக்கு அண்ணி ஒரு போர்வை கொண்டுவந்து தந்தார்.

மாலை மூன்றரைக்கு அவிநாசி, நம்பியூர் வழியாகக் கோபிசெட்டிபாளையம். அறுபது கிலோமீட்டர், ஒன்றேமுக்கால் மணி நேரம். வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் வர வர வெளியே கண்ணுக்குக் குளிர்ச்சி, காருக்குள் கசகசப்பு. சித்தி பழனியம்மாள் பட்டுப்புழு வளர்க்கிறார். கை கால் கழுவிய பிறகுதான் புழுக் கொட்டகைக்குள் விட்டார். சுற்றிலும் ஈரச் சாக்குகள் தொங்கின, சுவரில் வெப்பமானி, மேலே கீற்றுப் போட்டுச் சூட்டைத் தடுத்திருந்தார்கள். முரளி உள்ளே போய் ஆழ்ந்து மூச்சை இழுத்தார். "இதுதான், நம்ம சென்னைக் காத்து" என்றார். இரண்டு நாளில் அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவைப் பார்த்தேன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிவந்தது புழுவுக்குப் போட்ட ஈரச் சாக்கில் மயங்குவதற்கா?

சித்தி வீட்டிலும் கம்பளி காத்திருந்தது. வயல் ஓரம் என்பதால் விடியக்காலம் சில்லென்று இருக்கும் என்றார்கள். சனிக்கிழமை மாலை சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியாகத் துடியலூர் திரும்பினோம், எண்பத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் முரளி அதிகம் பேசவில்லை, இருக்கையில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். மாற்றல் கைவிட்டுப் போனது என்று நான் மனதுக்குள் முடிவு கட்டினேன். வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்த முரளி, அறைக் கதவைச் சாத்த மறந்து என்னிடம் பவுடர் கேட்டார். முதுகு முழுக்கச் சிவந்து வேர்க்குரு. நாற்பது வருடம் சென்னையில் வராத வேர்க்குரு, கோவையில் மூன்று நாளில் வந்திருக்கிறது. காபித் தம்ளரோடு படியேறி வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று முரளி சமாளித்தார். அப்பா தம்ளரை வைத்துவிட்டு இறங்கி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டிபன்கூடச் சாப்பிடாமல் போய்விட்டார்.

அவர் மனம் புண்பட்டுவிட்டது என்று நான் பயந்தேன். பத்தரை மணிக்குத் திரும்பி வந்தவர் பின்னால் ஏசி கடை ஆள் ஒருவர் அளவெடுக்கும் டேப்போடு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டில் பொன்னுசாமி மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா ஏதாவது சொல்லி மழுப்புவார் என்றுதான் நினைத்தேன்.

"மாப்ளைக்குங்க. மேல் ரூமுக்கு ஏசி போடறமுங்க. மே மாசமுன்னா இங்க எப்பவுமே வெயிலுதானுங்களே, நாமதான் சொல்றதில்லை" என்றார் அப்பா. தெருவுக்கே கேட்கிற குரலில்.

பொன்னுசாமி மாமா தெருவை இருபக்கமும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, தன் வீட்டிலும் இரண்டு வருடமாக ஒன்று இருப்பதாகவும், வெளியே தெரியாமல் பின்பக்கம் மாட்டியிருப்பதாகவும் சொன்னார். இருவரும் சேர்ந்து ஏசிக்காரருக்குச் சுவரைக் காட்டப் போனார்கள். எங்கள் ஊரைப் பற்றி எத்தனையோ தடவை பெருமை பேசியிருக்கிறேன். அன்று எங்கப்பாவைப் பற்றி வந்த பெருமைக்கு முன்னால் அதெல்லாம் சும்மா.

மதிய ரயிலுக்கு ஜங்ஷன் போகும் வழியில் முரளி, "ஆபீஸுக்கு எழுதிடு, வர்றோம்னு" என்றார். கிளைமேட் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். "கிளைமேட்டெல்லாம் எனக்கு இன்னும் சென்னைதான். ஆனா அந்த மனுஷன் எனக்காகத் தன் ஊரையே விட்டுக்கொடுத்துப் பேசிட்டாரு. இனிமே நான் எப்படி வேண்டாம்னு சொல்வேன்?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் வேலையாகச் சம்மதம் எழுதி அனுப்பினேன். இப்போது துடியலூர் மாடி அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆடி மாதம், ஜன்னலைத் திறந்தால் காகிதம் பறக்கிறது. ஒரு மாதமாக ஏசியைத் தொடவேயில்லை. முரளிக்கு உதடு வெடித்திருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கடலைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறார். அதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சென்னைப் புழுக்கத்திலிருந்து இங்கே குடிவர நினைப்பவர்கள் தை மாதம் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை என இரண்டு முறையாவது வந்து பாருங்கள். வாடகை வீடு பார்க்கும்போது மேல்தளம் என்றால் கூரைக்கு வெள்ளை அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். சோமனூர், கோபி சுற்றுக்கு நூற்று எண்பது கிலோமீட்டர், இரண்டு பகல் போதும், பருத்தி உடை போதும். ஈரக் காற்று உதட்டுக்கும் நூலுக்கும் புழுவுக்கும் நல்லது, இரும்புக்கும் அப்பளத்துக்கும் ஆகாது. உங்களுக்கு எது முக்கியம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசியாக ஒன்று, கோயமுத்தூர் வெயிலைப் பற்றிக் கோயமுத்தூர்க்காரர்களிடம் மட்டும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். நீங்கள் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தாலொழிய உண்மையைச் சொல்ல மாட்டோம்.