மூன்று வருஷம் வெந்தயத் தண்ணீர்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த சமயம். ஈராக்கில் வாய்க்கால் வேலை பார்த்துவிட்டு என் கணவர் வடக்கனந்தலுக்குத் திரும்பியிருந்தார். அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது.

"வெறும் சூடுதான். இன்னாத்துக்குப் பயப்படறே?" என்றார். நானும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். பஸ் ஓடினதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றிருந்தோம். ஒரு வாரத்தில் பஸ் ஓடியது. ரத்தம் நான்கு நாள் நிற்கும், மறுபடி போகும். வெந்தயத்தை நம்பியே மூன்று வருஷம் ஓட்டினோம்.

வலி தாங்காமல் சென்னைக்குப் போனபோது டாக்டர் முதலில் கேட்டதே, "எந்தத் தண்ணியில எறங்கி வேலை செஞ்சீங்க?" என்றுதான். வாய்க்கால் நத்தையிலிருந்து வரும் புழு தோல் வழியாக உள்ளே போயிருக்கிறதாம். "அந்தப் பக்கத்து நாடுகள்ல ஏழை ஜனங்களுக்கு ஜாஸ்தி வர்ற நோய்தாம்மா. அப்பவே வந்திருந்தா மாத்திரையிலேயே சரியாப் போயிருக்கும்" என்றார். அதற்குள் அவருடைய சிறுநீரகம் கெட்டுவிட்டிருந்தது. அடுத்த ஆடி வரைகூட அவர் இருக்கவில்லை.

இப்போது என்னிடம் யாராவது சிறுநீரில் ரத்தம், சூடு என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. "வெந்தயத்தைக் கீழே போடு. பஸ் ஓடிக்கினுதானே இருக்குது, கெளம்பு" என்று விரட்டிவிடுகிறேன்.

அந்த மூன்று வருஷமும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.